நாலாவது தகடு

– மூணாவது தகடும் நெளிஞ்சு போச்சு. உருளையை ஒரே சீரா சுத்துன்னு உன்கிட்ட எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிறது?

– சீராத்தான் சுத்தினேன் அண்ணா.

– அப்போ தகட்டுல அழுத்துற வரி எப்படிக் கோணும்? பன்னெண்டு வருஷமா நீ தகட்டுல கோடு போட்டுத் தர்ற, அந்தக் கோட்டைப் பாத்து நான் தகட்டைப் பிடிக்கிறேன், நீ கைப்பிடியைச் சுத்துற. இந்த மூணு மாசமாத்தான் இந்தக் கூத்து. உன் புத்தி வேலையில இல்ல.

– போன வாரம் வண்டியைக் கேட்டுல இடிச்சியே, அப்பவும் என்னைத்தான் சொன்ன. கதவைச் சரியா திறக்கலைன்னு.

– பேச்சை மாத்தாத. சாயங்காலம் வேன்காரர் வந்து நிப்பார். வேன் தரைக்குப் போட இன்னும் ஒரே ஒரு தகடுதான் மிச்சம்.

– அதான் மிஷினையே மாத்திட்டேன். துணியை எடுத்துப் பாரு.

– என்னடி இது? கைப்பிடி எங்க?

– கழட்டியாச்சு. பழைய வைப்பர் மோட்டார் மாட்டியிருக்கேன். பெடலை மிதிச்சா உருளை தானா சுத்தும். ஃப்ரேம் வளையுதுன்னு சொன்னல்ல? அதுக்கும் இரும்புப் பட்டை வச்சு வெல்டிங் அடிச்சுட்டேன்.

– என்னைக் கேக்காம என் மிஷின்ல கை வச்சிருக்க.

– நம்ம மிஷின்.

– வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இதுலயும் கோணுச்சுன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவேன். நீ வீட்டோட இருந்துக்க. சொல்லிட்டேன்.

– சரி. ஆனா பெடலை நீயே மிதி. நான் தள்ளி, சுவரோரமா நிக்கிறேன். அப்புறம் என் மேல பழி போட முடியாதுல்ல.

– ரொம்பத்தான் ரோஷம். குடு தகட்டை. லைட்டை இன்னும் கிட்ட தள்ளு.

– இதுக்கு மேல தள்ளினா உன் மூக்கு சுட்டுரும்.

– கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போட்டா என்ன? கஞ்சத்தனமா போட்டிருக்க.

– தெரியுதா, தெரியலையா?

– ஏன் தெரியாம? நல்லாவே தெரியுது. தள்ளி நில்லு.

– மெதுவா மிதி. விரல் உருளைகிட்ட போகுது. அண்ணா, விரல்!

– எனக்கே பாடம் எடுக்குறியா? ஆங்... வருது... வந்துருச்சு. பாத்தியா! உன் கோட்டு மேலயே, ஒரு நூல்கூட விலகாம.

– நல்லாப் பாத்துத்தான் சொல்றியா?

– கோட்டை விட்டு கண்ணை எடுக்கவே இல்ல. இப்பவாவது ஒத்துக்க, இத்தனை நாளா தப்பு உன் கையிலதான் இருந்துச்சு.

– எனக்குப் பயமா இருக்கு அண்ணா.

– எதுக்கு? நல்லாத்தான வந்திருக்கு?

– நல்ல தகடு இன்னும் அலமாரியிலயே இருக்கு. இது வெறும் கழிவுத் துண்டு. இதுல நான் கோடே போடல.