முப்பத்திரண்டாம் எண் மாணவி குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வயது இருபத்தாறு. திருமணமாகவில்லை. தகப்பனார் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. தாயார் உயிருடன் இல்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்வித் துறையில் பாடப் பராமரிப்பு உதவியாளராக மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பத்தேகால் மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் அம்மா முன்னிலையில் கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டதற்குச் சொல்வதாவது, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பெரியவர்களுக்காக எங்கள் துறை பட்டப்படிப்புகளை நடத்துகிறது. பேராசிரியர்கள் தரும் பாடங்களை வாரவாரமாகப் பிரித்து இணையத்தில் ஏற்றுவதும், வீடியோ ஓடுகிறதா, தேர்வுப் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. மாணவர் கண்ணுக்கு ஒரு பக்கம் எப்படித் தெரிகிறது என்பது அலுவலர் கணக்கில் நுழைந்தால் தெரியாது. அதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் இல்லாத ஒரு மாணவரைச் சேர்த்து, அந்தக் கணக்கில் நுழைந்து சோதிப்பது துறையின் வழக்கம். மருத்துவமனை நிர்வாகப் பட்ட வகுப்பில் முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். முப்பத்திரண்டாவதாக நான் சேர்த்த சோதனைக் கணக்குதான் புகாரில் சொல்லப்படும் மாணவி. அப்படி ஒரு பெண் கிடையாது.

அந்த வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு மாணவரும் விவாதப் பக்கத்தில் வாரம் ஒரு பதிவு எழுதி, மற்றவர்களுடைய பதிவுகள் இரண்டுக்குப் பதிலும் எழுத வேண்டும். எழுதினால்தான் அடுத்த வாரத்துப் பாடம் திறக்கும். விவாதப் பக்கத்தில் யாருடைய பெயரும் தெரியாது, எண் மட்டும் தெரியும். விதியைச் சொன்னது பாடக்குழு. கணினியில் அந்தப் பூட்டைப் போட்டது நான். வேலையில் சேர்ந்த முதல் மாதம் அது. பூட்டு சரியாக வேலை செய்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் வருட முடிவில் பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். இரண்டாம் வருட முடிவில் ஆறு பேர். மூன்றாம் வருடம் தொடங்கி நான்காவது வாரத்தில் பதினான்காம் எண் மட்டுமே மிஞ்சினார். அவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுபவர் என்பதும், வயது நாற்பத்தேழு என்பதும், துணிப்பிரிவு மேற்பார்வையாளர் பதவிக்குப் பட்டம் கட்டாயம் என்பதால் படிக்கிறார் என்பதும் அவருடைய பதிவுகளிலிருந்து எனக்குத் தெரியும். அதன் பிறகு மூன்று வாரம் அவருக்குப் பாடம் திறக்கவில்லை. உதவி மையத்துக்கு எழுதினார். உதவி மையத்துக்கு வரும் கடிதங்களும் என் பெட்டிக்குத்தான் வரும். "நான் எழுதுறேன், படிக்க ஆளில்லை. ரெண்டு பேருக்குப் பதில் எழுதச் சொல்றீங்க, வகுப்புல நான் ஒருத்திதான் இருக்கேன். கண்ணாடியப் பாத்துப் பதில் சொல்லிக்கவா?" என்று கேட்டிருந்தார். "உங்கள் சக மாணவர்களைத் தொடர்பு கொள்ளவும்" என்று தானியங்கிப் பதில் போயிருந்தது.

நான் துறைத் தலைவரிடம் போனேன். அவர் அறை வாசலில் இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பி, மூன்றாம் நாள்தான் உள்ளே போனேன். பூட்டை எடுக்க அனுமதி கேட்டேன். "ஒருத்தருக்காக விதிய மாத்துவாங்களாம்மா? பாடக்குழு கூடணும். அதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. நீ போய் உன் வேலையப் பாரு" என்றார். அதன் பிறகு இரண்டு முறை எழுத்தில் கொடுத்தேன். நகல்கள் என்னிடம் உள்ளன. பதில் இல்லை. ஆறு மாதம் தாமதித்தால் பதினான்காம் எண்ணின் சேர்க்கைக் காலம் முடிந்து, படிப்பு காலாவதியாகிவிடும்.

அதன் பிறகுதான் சோதனைக் கணக்கில் நுழைந்து முதல் பதிவை எழுதினேன். அந்த வாரத்துக் கேள்வி, "உங்கள் பணியிடத்தில் ஒரு நாளை விவரிக்கவும்." எதையாவது நிரப்பிவிட்டு வெளியே வந்திருக்கலாம். நான் உள்ளதை எழுதினேன். எங்கள் அறையில் நான்கு மேசைகள் உண்டு, மூன்று பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள், சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர், சில நாட்களில் என்னோடு பேசுவது வாசல் காவலர் மட்டும், அவரும் "பையத் திறங்க" என்றுதான் சொல்வார் என்று எழுதினேன். கல்லூரியில் மூன்று வருடமும் நான் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதும் இல்லை.

மதியம் ஒன்று இருபதுக்குப் பதில் வந்தது. "யம்மா, நீ உசுரோட இருக்கியா! மூணு வாரமா ஒத்தையில கத்திக்கிட்டுக் கெடக்கேன். முப்பத்திரண்டாம் நம்பர்னா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பியோ? இனிமே நீ எனக்குப் பல்லு." அதற்கடுத்த வரியில், என்னுடைய காவலர் விஷயத்துக்கு, "அவருகிட்ட ஒரு நாளைக்கு, 'உங்க பையத் தொறங்க பாப்போம்'னு கேளு, அப்புறம் பேச்சு நிக்காது" என்று எழுதியிருந்தார். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதன் பிறகு முப்பத்தொரு வாரம் இப்படி நடந்தது. நான் வாரம் இரண்டு பதிவு எழுதுவேன். அவர் மதிய இடைவேளையில் கைபேசியில் பதில் எழுதுவார். விரிப்பு மடிக்கும் இயந்திரத்தைத் தன் மாமியார் என்பார், எப்படி மடித்தாலும் குறை சொல்லுமாம். இஸ்திரி உருளையில் விரல் மாட்டியதிலிருந்து வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் வளராது என்றும் ஒரு முறை எழுதினார். பொருள் இருப்பு பற்றிய பாடம் எனக்கே புரியாதபோது, நூறு விரிப்பில் எத்தனை கிழியும், எத்தனை வராமலே போகும் என்று அவர் சொல்லித்தான் புரிந்தது. கடைசி வாரத்தில் என் தகப்பனார் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதை எழுதினேன். "பல்லு, அப்பாவைப் படுக்கையிலயே விடாத. வலிக்கட்டும், கையப் புடிச்சு நடக்க வை" என்று பதில் வந்தது. அன்று மாலையே வகுப்பு நிறைவடைந்து விவாதப் பக்கம் மூடிக்கொண்டது. மூடும் நாளைக் குறித்து வைத்ததும் நான்தான். அதை நினைவில் வைத்திருக்கவில்லை.

மதிப்பெண் போட்டாயா என்று கேட்டதற்கு, ஆம். கட்டுரைகளுக்கு நூற்றில் பத்து மதிப்பெண்ணைச் சக மாணவர் போட வேண்டும். அதை முப்பத்திரண்டாம் எண்ணின் பெயரில் நான் போட்டேன். அது தவறு என்று தெரிந்தே போட்டேன். அதிகம் போடவில்லை. ஒரு கட்டுரைக்கு ஆறு போட்டதற்கு, "ஆறா? கூடப் பொறந்தவளா இருந்தா இப்படிப் போடுவியா?" என்று ஒரு வாரம் சண்டை பிடித்தார். அந்தப் பத்தை முழுவதுமாகக் கழித்தாலும் அவருக்கு ஐம்பத்து நான்கு வருகிறது. தேர்ச்சிக்கு ஐம்பது போதும். தேர்வுகள் எல்லாவற்றையும் அவர் மையத்துக்கு நேரில் போய் எழுதியிருக்கிறார்.

எப்படி வெளியே வந்தது என்று கேட்டதற்கு, அடுத்தடுத்த வாரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் சோதனைக் கணக்கிலும் எல்லாப் பயிற்சிகளையும் நான் முடித்துக்கொண்டே வந்தேன். வகுப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை நீக்க வேண்டும். நான் நீக்கவில்லை. அதனால் பட்டம் பெறுவோர் பட்டியலில் இரண்டு எண்கள் போய்விட்டன. இரண்டாவது எண்ணுக்கு அடையாளச் சான்று எதுவும் இல்லாததால், பதினான்காம் எண்தான் மதிப்பெண்ணுக்காகப் போலிக் கணக்கு வைத்திருந்தார் என்று பதிவாளர் புகார் கொடுத்தார். அதன் பிறகு அவருடைய பட்டமும், பட்டத்தால் கிடைத்த மேற்பார்வையாளர் பதவியும் நிறுத்தி வைக்கப்பட்டன.

ஏன் நீக்கவில்லை என்று கேட்கப்பட்டது. மறதி இல்லை. நீக்கினால் என் பதிவுகளுக்குக் கீழே அவர் எழுதியதும் சேர்ந்து அழிந்துவிடும்.

நான்கு நாள் முன்பு உதவி மையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. "முப்பத்திரண்டாம் எண் மாணவிக்கு எப்படியாவது தகவல் சொல்லுங்க. வியாழக்கிழமை பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அவ வந்து 'நான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று பதினான்காம் எண் எழுதியிருந்தார். அதனால்தான் இன்று வந்தேன். சோதனைக் கணக்கு ஒவ்வொரு முறையும் என் அலுவலகக் கணினியிலிருந்தே திறக்கப்பட்டிருக்கிறது. அதற்கான பதிவேட்டை அச்செடுத்துக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். பதினான்காம் எண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. என் வேலை போகும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

இதுவரை எழுதி முடித்ததும், இதைப் பதினான்காம் எண்ணுக்குப் படித்துக் காட்டுவீர்களா என்று கேட்டேன். காட்டுவோம் என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். அதற்கு முன் நானே சொல்லிவிட அனுமதி கேட்டு, பத்து நிமிடம் வெளியே போனேன்.

அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல்களில் நகம் இல்லாததை வைத்து அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குத் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். நிலைய வாசல் காவலரிடம், "கொஞ்சம் பொறுங்க சார், கூச்ச சுபாவம், வர லேட்டாகும், ஆனா வந்துருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு கொஞ்ச நேரம் என் செருப்பையே பார்த்தார்.

"அப்பா நடக்கிறாரா?" என்று கேட்டார்.

"நடக்கிறாருக்கா. படியேறத்தான் கஷ்டப்படுறாரு" என்றேன்.

"பாத்துக்கங்க மேடம்" என்றார்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் உட்காரலாமா என்று தெரியவில்லை. உட்காராமல் உள்ளே வந்துவிட்டேன்.

எழுதியதை நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நடந்தவை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இந்த முறை என் சொந்தப் பெயரில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பாடப் பராமரிப்பு உதவியாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது,
(ஒப்பம்)
ஆய்வாளர்