முதல் தட்டு

"பூனைக்கு மட்டும் ஏம்பா நமக்கு முன்னாடியே மீன் போடுற?" என்று என் மகள் தெரேபீ ஒரு நாள் கேட்டாள். முன்பற்கள் விழுந்திருந்த வயது. "அதுக்குப் பசி தாங்காதும்மா" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். சார்ஜென்ட், நீங்கள் பாபா தியாவரேயைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் நான் இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

கொரோனாவால் விமானங்கள் நின்றுபோன வருடம் அது. ரரோதோங்கா தீவு முழுக்க ஹோட்டல்களைப் பூட்டினார்கள். அதுவரை நான் வெள்ளைக்காரர்களுக்கு வகைவகையாகச் சமைத்தவன். என் வீட்டில் ஒரு முட்டைகூட அவித்ததில்லை. திடீரென்று காலை முதல் மாலை வரை என் கையில் நேரம் இருந்தது. சும்மா இருப்பது பாவம் என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். கொல்லையில் சேப்பங்கிழங்கு நட்டேன். அப்பா விட்டுப்போன ஓடத்தைத் தேய்த்துப் பூசி மிதக்கவிட்டேன். கம்பியும் மரக்கிளையும் கொண்டு ஒரு மீன் கூடு முடைந்தேன். என் கையால் செய்த கூட்டில் முதல் களவா மீன் மாட்டியபோது, ஓடத்திலேயே மண்டியிட்டு ஜெபித்தேன்.

பவளத்திட்டுக்கு உள்ளே பிடிக்கும் மீனில் சில சமயம் விஷம் இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகர்ந்தால் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. அதனால்தான் ஊரில் பாதிப் பேர் வெளிக்கடல் டூனா மீனோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் முதல் துண்டைப் பூனைக்குப் போட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஞாயிறு பள்ளியில் யாரோ தெரேபீயிடம் அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். பூனையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அது செத்துப்போனா உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாள். இனிமேல் பூனைக்கு முதல் பங்கு போடமாட்டேன் என்று வேதாகமத்தின்மேல் கை வைத்துச் சொன்னேன். அந்த வாக்கை நான் ஒருமுறைகூட மீறவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மீன் கிடைத்தபோது, பக்கத்து வீட்டு பாபா தியாவரே ஞாபகம் வந்தது. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளைகள் ஆக்லாந்தில். மனிதர் டப்பா இறைச்சியையும் பிஸ்கட்டையும் தின்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, வெங்காயம் தூவி ஒரு தட்டு கொண்டுபோனேன்.

"அடேய் நூரோவா, காசு குடுத்தாக்கூட உங்க ஹோட்டல்ல என்னை வாசல்ல விடமாட்டாங்களேடா" என்றார். "இப்ப ஹோட்டலே என் வீட்டுக்கு நடந்து வருது."

"சாப்பிடுங்க பாபா. உடம்புக்கு நல்லது."

தட்டை அவர் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. பப்பாளியோ, எலுமிச்சையோ, மல்லிகை மாலையோ வரும். அவர் மறுநாள் தோட்டத்தில் நடமாடுவதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவேன்.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். நான் வேலியோரம் நிற்பதை என் மனைவி அகாயிதி கவனித்துவிட்டாள்.

"என்னய்யா, அந்த வீட்டையே வெறிச்சுப் பாக்குற? கிழவன் எவளையாவது கூட்டிட்டு வந்துட்டானா?"

"தனியா இருக்கிற மனுஷன். பாத்துக்கணும்ல."

"நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் ஒரு நாள் பழசு?"

"ஊறினாத்தான் ருசி" என்றேன். அது பொய்யில்லை.

சபையில் மூப்பர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். சின்னச் சின்ன அன்பில்தான் கர்த்தர் குடியிருக்கிறார் என்றார். நானும் அதை நம்புகிறேன். அன்று கண்ணீர் வந்தது, நடிப்பில்லை.

டூனா வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம்தான். அகாயிதிக்கு அரசாங்க வேலை, சம்பளம் நிற்கவில்லை. ஆனால் கூடு நான் முடைந்தது, ஓடம் நான் மிதக்கவிட்டது. கடையில் வாங்கிய மீனை வெட்டும்போது கை வெறும் சம்பளக்காரன் கையாகிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் பாபா தோட்டத்துக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். படுக்கையில் கிடந்தார், உதடு மரத்துவிட்டது என்றார். நான் கொடுத்த குளிர்ந்த தண்ணீரைக் கையில் வாங்கியதும் தம்ளரைக் கீழே போட்டார். "நெருப்பாச் சுடுதுடா" என்றார். குளிர்ந்தது சுட்டால் என்ன அர்த்தம் என்று நம் தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நேராக வீட்டுக்கு வந்து மீதி மீனை வாழை மரத்தடியில் புதைத்தேன். என் பிள்ளைகளைக் காத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு பாபாவுக்குக் கஞ்சி வைத்து எடுத்துப்போனேன். அவர் தேறும்வரை துணி துவைத்தேன், கால் பிடித்துவிட்டேன். செவிலிப்பெண் வந்தபோது, வயசாகிவிட்டது, டப்பா இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான்தான் சொன்னேன்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் மறுபடி தட்டு கொண்டுபோனேன். ஒருமுறை விஷம் ஏறிய உடம்பு அடுத்த தடவை துளியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். யோசித்துப் பாருங்கள், அவரைவிட நம்பகமானவர் யார் இருந்தார்கள்? அதன் பிறகும் சில முறை படுத்தார், எழுந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து எழுந்தார். பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை.

கடைசித் தட்டைக் கொண்டுபோனபோது அவர் திடமாக நிற்கக்கூட முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைங்க இன்னும் சாப்பிடலையே?"

"இல்ல பாபா."

"நல்லது. யாரும் தொட வேணாம். நாளைக்கு நான் சொல்றேன்."

என் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். தர ஒன்றுமில்லை என்று வருத்தப்பட்டு, நம் வழக்கப்படி தலையில் சூடியிருந்த பூமாலையை எடுத்து அதன்மேல் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் அவர் சொல்லவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதினார். ஊர் வழக்கப்படி அவர் வீட்டு முற்றத்திலேயே, மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில், குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் இதற்கு ஒரு பெயர் வைப்பீர்கள். வையுங்கள், தட்டுகள் எல்லாவற்றையும் நான்தான் கொண்டுபோனேன். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. தெரிந்தே சாப்பிட்டார். அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் பிள்ளைகளைக் காத்தோம் என்றுதானே ஆகிறது? அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரியது. அதை எப்படித் தீர்ப்பது என்று பல நாள் யோசித்தேன்.

போன வாரம் அவருடைய தங்கை மெரே, மாங்கையா தீவிலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கியிருக்கிறார். தனியாள். கண் சரியாகத் தெரியவில்லை. நேற்று மாலை கூட்டில் நல்ல களவா மாட்டியது. எலுமிச்சை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு தட்டு நிறைய வைத்து அவர் கதவோரம் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை, அகாயிதியிடம்கூடச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கடனை யாரும் பார்க்காமல்தான் தீர்க்க வேண்டும்.

நீங்கள் அந்த வழியாகத்தானே வந்தீர்கள், சார்ஜென்ட்? தோட்டத்தில் அவர் நடமாட்டம் தெரிந்ததா? பிள்ளைகள் பள்ளிவிட்டுப் பசியோடு வருவார்கள், அடுப்பை மூட்டலாமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.