பூட்டிய கதவு

ஹாலிஎலயில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

"இழுப்புக்கு பம்ப் அடிச்சும் மூச்சு வரலக்கா. கதவ நீயே பூட்டிட்டேன்னாரு டாக்டர்," என்றாள் இளையவள்.

"எந்தக் கதவுடி?"

"மூச்சுக்குழாய்ச் செல்லுக்கு மேல கதவு மாதிரி இருக்காம். பம்ப் மருந்து அதத் தட்டினாத்தான் மூச்சுக்குழாய் விரியுமாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுதுன்னு வீட்டுக்காரரோட படபடப்பு மாத்திரையப் போட்டேன். அது கதவ அடைச்சிருச்சாம். ஆஸ்பத்திரிலதான் பொழைச்சேன்."

மூத்தவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "எங்க அத்தைக்கும் இழுப்புடி. நானும் அந்த மாத்திரைதான் போடுறேன். படபடப்புன்னாங்கன்னு காலையில ஒண்ணு குடுத்துட்டு வந்தேன்."

உடனே போனை எடுத்து அழுத்தினாள்.

"அத்தை, மாத்திரை போட்டுட்டீங்களா? இன்னும் இல்லயா? தொடாதீங்க, தூரப் போடுங்க!"

பதுளையில் இறங்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.