மேலும் படிக்க

— கம்ப்யூட்டர் சார், டீ ஆறிப்போகுது. குடிங்க.

— வேணாம் டீச்சர். அந்தப் பொண்ணோட அம்மா இன்னும் வெளிய இருக்காங்களா?

— பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. மீதிப் பரீட்சை எதையும் அவ எழுதக் கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாராமே?

— போனைப் பார்த்துக் காப்பியடிச்சா... பின்ன?

— போன் கிடைச்சுதா?

— கிடைக்கல. அதான் பேப்பரே சொல்லுதே! தகவல் தொழில்நுட்பம் வளர்ந்த கதையை எழுதச் சொன்னா, மணிச்சட்டம், தந்தி, கம்ப்யூட்டர், இன்டர்நெட்னு வரிசையா எழுதிட்டு, கடைசி வரியில...

— கடைசி வரியில?

— 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்.'

— அட! பேப்பர்ல எங்க சார் அழுத்துறது?

— சிரிக்காதீங்க டீச்சர்.

— சரி, சிரிக்கல. 'சார் சொன்னதைத்தான் எழுதினேன்'னு அவ அழுதுகிட்டே இருக்காளே?

— மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

— வகுப்புல அந்தப் பாடத்தை வாசிச்சது யாரு?

— நான்தான்...

— எதைப் பார்த்து வாசிச்சீங்க?

— இன்டர்நெட்லேர்ந்து எடுத்த பிரிண்ட். படிச்சுக்கூடப் பார்க்கல. வாசிச்சுட்டே போனேன், எழுதிக்கிட்டாங்க.

— கடைசி வரி வரைக்கும்?

— மெதுவா பேசுங்க... யாராவது கேட்டுடப் போறாங்க.

— கேட்டா என்ன? தகவலைச் சேர்த்து வெச்சு, வேண்டியவங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குப் பேருதான் தகவல் தொழில்நுட்பம்னு நீங்கதானே எழுத வெச்சீங்க? ஹெட்மாஸ்டர் ரூம் பக்கத்துலதான் இருக்கு.

— மானம் போயிடும் டீச்சர். பசங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

— அவ மட்டும் எப்படி முழிப்பா?

— வெக்கமா இருக்கு டீச்சர். இப்பதான் எனக்கே உறைக்குது... தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிடலாமா?

— நானும் தெரியாமத்தான் நடந்ததுன்னு நினைச்சேன். அப்புறம் உங்க மேஜையில மத்த பேப்பரையெல்லாம் பார்த்தேன். வகுப்பே அந்த வரியை எழுதியிருக்கு. ஒண்ணு விடாம அதை மையால அடிச்சு வெச்சிருக்கீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் டீயோட வந்து உக்காந்தேன்.

— அவ பேப்பர்தான் மொதல்ல கைக்கு வந்தது. கோவத்துல ஹெட்மாஸ்டர்கிட்ட கொடுத்துட்டு வந்து ரெண்டாவதைப் பிரிச்சேன்... அதுலயும் இருந்தது. அப்ப ஹெட்மாஸ்டர் இன்னும் அவ அம்மாவை வரச் சொல்லி போன்கூடப் பண்ணல, டீச்சர்.