காய்ச்சல் வராத கை

அதைத்தான் சொல்ல வந்தேன், ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டுவிடக் கூடாது. குளிர்ந்த மருந்து எரியும். முக்கால் மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். சிலியின் தென்கோடியில் இருக்கிற எங்கள் புந்தா அரேனாஸ் குளிருக்கு அதுவும் போதாது, அதனால் நான் கக்கத்தில் இடுக்கிச் சூடாக்குவேன். அரை மணி முன்னால் பாராசிட்டமால். போட்ட பிறகு துணியில் சுற்றிய ஐஸ். அப்புறம் இரண்டு கம்பளி. கேட்டால் இன்னும் சொல்வேன், எனக்கு இதில் அவ்வளவு ஆர்வம்.

என் அக்கா யெர்காவுக்கு மல்ட்டிபிள் ஸ்க்லரோசிஸ். உடம்பே தன் நரம்பின் உறையை அரிக்கிற நோய். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று ஊசி. அது நோயைக் குணமாக்காது, அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பதிலுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும். ஊசியைப் பார்த்தாலே அவளுக்கு மயக்கம் வரும். அதனால் வடக்கே கொன்செப்சியோன் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த நான் இரண்டாம் வருடத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் கூப்பிடவில்லைதான். கூப்பிட்டுத்தான் வர வேண்டுமா?

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோல் தடித்துவிடும். அதற்காக ஒரு தாளில் உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து வைத்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு புள்ளி, தேதி, காய்ச்சல் எவ்வளவு என்று குறிப்பேன். வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் வேலை. "அன்னிக்கு நானே தொடையில போட்டுக்கறேன்டி, பயம் போயிருச்சு" என்றாள் அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் தாளில் புள்ளி வைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. ஊசி போட அவள் சட்டையைக் கழற்றியபோது இடது மேற்கையின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. தன் கையால் யாரும் அங்கே குத்திக்கொள்ள முடியாது.

"யார் போட்டது?"

"ஒவிதியோ. கோவிச்சுக்காதடி. அவன் கை பஞ்சு மாதிரி. நம்பமாட்ட, காய்ச்சலே வரல."

ஒவிதியோ பஸ் ஓட்டுகிறவன். நோயாளிகள் கூட்டத்தில் பழக்கமானவன், அவனுக்கும் இதே நோய்.

"எத்தனை நாளா?"

"நவம்பர்லருந்து. சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பன்னுதான் சொல்லல."

ஐந்து மாதம். அந்தப் பொய்யை என் கையெழுத்திலேயே எழுத வைத்திருக்கிறாள். நான் முகத்தைத் தூக்கவில்லை. அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வந்தபோது மாத்தே இலை டீ கலந்து கொடுத்தேன். உறிஞ்சிவிட்டு, "என்ன டாக்டரம்மா, உங்க கை கொஞ்சம் கனமாமே?" என்றான். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் நேர்மையாகத்தான் முயன்றேன். என் ஊசிக்குக் காய்ச்சல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள்: "உறைய மட்டும் விட்டுறாதம்மா. உறைஞ்சா அது மருந்தில்ல, வெறும் தண்ணி." இங்கே குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே திட்டில் இறைச்சி வைக்காத வீடு இல்லை. குளிர் தொடங்கிய ஜூன் மாதத்திலிருந்து திங்கள், புதன் ஊசிகளை முந்தின நாளே அங்கே வைத்தேன். பனி போதாத நாளுக்கு ஃப்ரீசர் இருந்தது. பிறகு உருக வைத்து, கக்கத்தில் சூடாக்கி, மாத்திரை கொடுத்து, ஐஸ் ஒற்றி, முறைப்படிதான் போட்டேன். எதிலும் குறை வைக்கவில்லை.

காய்ச்சல் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஊசியை நான் தொடவில்லை, அதில் மருந்து அப்படியே இருந்தது. வாரத்துக்கு ஒரே முறை இறங்கியதில் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போய், அது அவளைத் தூக்கி அடித்தது. மூன்றாவது வெள்ளியன்று பல் கிடுகிடுக்க ஒவிதியோவின் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள்.

"அவன் கைக்கு என்னமோ ஆயிருச்சுடி. இனி வெள்ளிக்கிழமையும் நீயே போட்ரு. உனக்குத்தான் கைராசி."

கைராசி என்றாள். அன்றிலிருந்து எல்லா ஊசியும் ஜன்னல் திட்டுக்குப் போனது.

செப்டம்பரில் ஒரு காலை அவள் எழுந்தாள், வலது கால் எழவில்லை. நான்கு நாளில் இடதும் போனது. டாக்டர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "நீங்க எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. இவங்களுக்கு மருந்துதான் கேக்கல" என்றார். இனி ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஏற்ற வேண்டுமாம், நர்ஸுகள் ஏற்றுவார்களாம். "வேணாம் டாக்டர், என் தங்கச்சியே போடட்டும்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

இப்போது ஒவிதியோ தினமும் வருகிறான். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறான். நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவன் ஏதோ சொல்ல அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். நான் இவ்வளவு செய்தும். அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

ஊசிகளை உறைய வைத்தது நான்தான். அவை தண்ணீர் என்று தெரிந்தேதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தாளையும் கொஞ்சம் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை என் கையால் போட்ட ஒரு ஊசிக்குக்கூடக் காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. அவனால் இது முடிந்ததா? நீங்களே சொல்லுங்கள், எங்கள் இரண்டு பேரில் யாருக்குக் கைராசி?