தின்ற குதிரையில் கடல் கடந்தவன்

— தின்னு முடிச்ச குதிரை மேலதான் சாமி நாங்க கடல்ல போனோம். எலும்பைக்கூட சப்பித் துப்பியாச்சு. அதுக்கப்புறந்தான் ஏறி உக்காந்தோம். அது பாட்டுக்கு எங்களைச் சொமந்துக்கிட்டு அலை மேல போச்சு, பாத்துக்கிடுங்க.

— பெரால்தா, பேனாவைக் கீழ வை. ஆயர் மன்றத்து ஏட்டுல இதை எழுத வேண்டாம்.

— ஏன் சாமி? சிலுவை மேல கை வச்சுல்லா சொல்லுதேன்.

— சிலுவைக்கு வாய் இல்லை. அதனால பொறுத்துக்குது. மென்சியா, முன்னால வாம்மா. இவன்தான் நீ கொண்டாந்த சாட்சியா?

— இவர்தாங்க சாமி. தொரீபியோ அண்ணன். எங்க வீட்டுக்காரர் ஹினேஸும் இவரும் புளோரிடாவுல ஒரே படகுல இருந்தவங்க.

— ஏற்கனவே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்த. அந்த ரெண்டு சாட்சியும் நிக்கலை.

— நீங்க நிக்க விடலைங்க சாமி.

— என்ன சொன்ன?

— ஒண்ணும் சொல்லலைங்க. புருஷன் செத்ததுக்கு சாட்சி இருந்தா நான் விதவை. இல்லேன்னா இன்னும் அவர் பொண்டாட்டி. சோப்புக் காய்ச்சுற அந்தோன் என்னைக் கட்டிக்கக் காத்துக்கிட்டிருக்கார். அவரும் மனுஷன்தானே, எத்தனை நாள் காத்திருப்பார்? கறுப்புத் துணி உடுத்தவும் வழியில்லை, கலர்த் துணி உடுத்தவும் வழியில்லை. சரி, ஹினேஸுக்கு ஒரு ஆத்துமப் பூசையாவது வைங்கன்னு கேட்டா, உயிரோட இருக்கிறவனுக்கு எப்படிம்மா வைக்கிறதுன்னு எங்க திரியானாப் பேட்டை பங்குச்சாமி கேக்குறார்.

— அவர் சரியாத்தான் கேட்டிருக்கார். புது நாட்டுக்குப் போனவன் செத்துட்டான்னு இங்க பொண்டாட்டி வேற கல்யாணம் பண்ணி, பிள்ளையும் பெத்தப்புறம், அவன் வந்து கதவைத் தட்டின கதை எத்தனை இந்த மேசைக்கு வந்திருக்கு தெரியுமா? சந்தேகம் இருக்கிற வரைக்கும் அவன் உயிரோடதான் இருக்கான்.

— ஹினேஸ் வந்து தட்டட்டும் சாமி. ஓடிப்போய்த் திறப்பேன். தட்டலையே.

— இதுதான் கடைசி. இவன் பேச்சும் நிக்கலேன்னா உன் வழக்கை மூடிடுவேன். மறுபடி இந்த வாசல்ல வந்து நிக்கக்கூடாது.

— அண்ணே, உங்களைக் கும்பிடுறேன். அவர் செத்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. குதிரையெல்லாம் வேண்டாம்.

— குதிரை இல்லாம எப்படித் தாயி சொல்ல? உன் மாப்பிள்ளை யாரு? லாடம் அடிக்கிறவன். குதிரையை எடுத்துட்டா அவன் கதையில மிச்சம் என்ன இருக்கு?

— தொரீபியோ, மதுக்கடையில உனக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும்.

— 'பாதி சொல்லு தொரீபியோ'ம்பாவ சாமி, நான் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுதேன்னு. பொய்யன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

— சரி, இங்கயும் பாதியே சொல்லு. கரை இறங்கின இடத்துலேருந்து ஆரம்பி.

— இறங்கினோம் சாமி. தங்கம் இருக்குன்னு கேப்டன் சொன்னாரு. கப்பலை எல்லாம் முன்னால அனுப்பிட்டு நாங்க கரையோரமா நடந்தோம். அந்தக் கப்பல் மூஞ்சியை அதுக்கப்புறம் ஒருத்தனும் பாக்கல. சதுப்பு. ஒரு கொசு வந்து உக்காந்தா தோள் வலிக்கும். அந்த ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் நம்ம பெரிய கோயில் மணிக்கூண்டுல பாதி இருப்பான்.

— தொரீபியோ.

— கால்வாசி.

— தொரீபியோ.

— என்னைவிட ஒரு தலை கூட இருப்பான் சாமி.

— உன்னைவிட ஒரு தலை கூடன்னா என் உயரம்தான்.

— அதைத்தான் சொல்ல வாறேன். ஆனா வில்லு இருக்கே, அது அவனைவிட உயரம். இரும்புச் சட்டையைத் துளைச்சுக்கிட்டு அம்பு அந்தப் பக்கம் வரும். அதுல பாதியெல்லாம் கழிக்காதீங்க.

— அவங்க ஏன் அடிச்சாங்க?

— அவிய சேத்து வச்ச சோளத்தை நாங்க அள்ளித் தின்னோம்லா. என் வீட்டு அடுப்படியில புகுந்து எவனாவது அள்ளினா நான் சும்மா இருப்பனா? நான் அம்பு விட மாட்டேன், எனக்கு விடத் தெரியாது. சட்டியைத் தூக்கி எறிவேன்.

— மேல சொல்லு.

— தங்கமும் இல்ல, கப்பலும் இல்ல. காய்ச்சல்ல பாதிப் பேர் படுத்தாச்சு. படகு கட்டித்தான் தப்பணும்னு முடிவாச்சு. கட்ட ஆள் இல்ல, ஆணி இல்ல, கயிறு இல்ல, பாய் இல்ல, தார் இல்ல. இருந்தது எல்லாம் குதிரை. அப்பதான் ஹினேஸ் எந்திரிச்சான். அங்கவடி, கடிவாளம், குதிமுள்ளு, லாடம், எல்லாத்தையும் கழட்டுங்கலேன்னான். மான் தோல்ல துருத்தி தைச்சான். அந்த இரும்பைப் பூராம் உருக்கி ஆணி அடிச்சான் சாமி. அவன் கையால அடிச்ச லாடத்தை அவன் கையாலயே கழட்டி.

— அவர் லாடம் அடிச்சா குதிரை காதுல ஏதோ பேசிக்கிட்டேதான் அடிப்பார்.

— கழட்டும்போதும் பேசினான் தாயி. என்ன பேசினான்னு நாங்க யாரும் கிட்டப் போய்க் கேக்கல. லாடம் கழண்ட குதிரை மறுநா சட்டியில கெடக்கும்லா. கறி எங்க வயித்துக்கு. பிடரி மயிரும் வாலும் கயிறாச்சு. கால் தோலை அப்படியே உறை மாதிரி உரிச்சுப் பதம் போட்டுத் தண்ணிப் பை. எங்க சட்டை பூராம் கழட்டித் தைச்சுப் பாய். கடைசிக் குதிரையைத் தின்ன அன்னைக்கு அஞ்சு படகும் தண்ணியில இறங்கிச்சு. இப்பச் சொல்லுங்க, ஆணியும் குதிரை, கயிறும் குதிரை, குடிக்கிற தண்ணியும் குதிரைக்குள்ள. நான் எது மேல ஏறிப் போனேன்?

— ம். நல்லாத்தான் கட்டுற. படகையும் கதையையும். உன் படகுல யார் யார் இருந்தாங்க?

— சட்டையில்லாத பயலுவ ஒரு கூட்டம். தண்ணிக்கு மேல ஒரு சாண் பலகைதான் தெரியும், அவ்வளவு பாரம். ஹினேஸ் இருந்தான். நான் இருந்தேன். ஜெனோவாக்காரன் ஒருத்தன், ஓயாம செபம் சொல்லிக்கிட்டிருப்பான். அப்புறம் ஒரு படிச்ச பய. சாலமான்காவுல படிப்பைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தவன். துடுப்புப் பிடிக்கத் தெரியாது. தப்பாப் பிடிச்சுட்டு எங்களை லத்தீன்ல வைவான். ஒருத்தனுக்கும் புரியாது, அதனால ஒருத்தனுக்கும் கோவமும் வராது.

— அந்தப் படிச்சவன் உங்க படகுலதான் இருந்தானா?

— ஆமா சாமி.

— கடைசி வரைக்கும்? நடுவுல வேற படகுக்கு மாறியிருக்கலாமில்ல?

— நடுக்கடல்ல எப்படி மாற?

— சாமி, நான் கேக்குறது என் வீட்டுக்காரரைப் பத்தி.

— சாட்சியைச் சோதிக்கிறேன்மா. நடுவுல பேசாதே. மேல சொல்லு.

— தோல் பை அழுகிப்போச்சு. தண்ணி போச்சு. சில பேர் கடல் தண்ணியைக் குடிச்சுட்டு இல்லாத ஆளோட பேச ஆரம்பிச்சாவ. அப்ப ஒரு காலையில கடல் நிறம் மாறுது. ஜெனோவாக்காரன் கையை விட்டு அள்ளிக் குடிச்சான். தித்திப்பு, சாமி. கரையே கண்ணுக்குத் தெரியல, கடல் மேல நல்ல தண்ணி. பெரிய ஆறு ஒண்ணு உப்பைத் தள்ளிக்கிட்டு வந்து கலக்குது. நம்ம செவில் ஆத்தைப்போல ஆயிரம்.

— ஆயிரம்.

— எண்ணிப் பாக்கல. ஆனா அதுல பாதி சொன்னா அந்த ஆத்துக்கு மரியாதை இல்ல. அந்தத் தண்ணிதான் எங்களைக் காப்பாத்துச்சு. அதே தண்ணிதான் படகையும் வெளிக்கடலுக்குத் தள்ளிக் கெடுத்துச்சு.

— அண்ணே, சொல்லுங்க. அதுக்கப்புறம்.

— அதுக்கப்புறம் வடக்காத்து, தாயி. குளிர்காலம். ஒரு தீவுக்குப் பக்கத்துல அலை தூக்கிச்சு, படகு கவுந்துச்சு.

— அலை எவ்வளவு பெருசு? மலை மாதிரியா? மணிக்கூண்டு மாதிரியா?

— சும்மா அலைதான் சாமி. பசியில நாங்கதான் எடையத்து லேசாப் போயிட்டோம்.

— ம்.

— நீந்திக் கரைக்கு வந்தவன் பூராம் அம்மணமா வந்தான். சட்டைதான் பாயாப் போச்சே. மணல்ல நடுங்கிக்கிட்டுக் கெடந்தோம். அந்தத் தீவு ஆளுக வந்தாவ. சரி, கதை முடிஞ்சுதுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். அவிய எங்களைப் பாத்தாவ. செத்துக் கெடந்தவனையும் பாத்தாவ. பாத்துட்டு எங்களுக்கு நடுவுல உக்காந்து அழுதாவ.

— அழுதாங்களா?

— சத்தம் போட்டு. நம்ம வீட்டு எழவுல அழுவோம்லா, அப்படி. அவியளுக்கு எங்க பேர்கூடத் தெரியாது. எங்க அழுகையே எங்களுக்கு வரல, அவியதான் அழுதாவ.

— இதை நீ மதுக்கடையில சொன்னதுண்டா?

— இல்ல சாமி. அங்க அவியளுக்குப் பத்து அடி உயரம், வாயில நெருப்பு வரும்.

— சரி, ஹினேஸ் என்ன ஆனான்?

— கரைக்கு வந்தான். உயிரோடதான் வந்தான். எங்களைத் தூக்கிக்கிட்டு அவிய குடிசைக்கு ஓடினாவ. போற வழியில அங்கங்க நெருப்பு மூட்டி வச்சிருந்தாவ, நாங்க விறைச்சுப் போயிடக் கூடாதுன்னு. ஒரு நெருப்புல காட்டுவாவ, கொஞ்சம் சூடு ஏறினதும் தூக்கிக்கிட்டு அடுத்ததுக்கு ஓடுவாவ. ஹினேஸை ஒருத்தன் தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு முன்னால ஓடினான். ஒரு நெருப்புக்கும் அடுத்த நெருப்புக்கும் நடுவுல செத்துட்டான்.

— ஏதாவது சொன்னாரா அண்ணே? என்னைப் பத்தி...

— இல்ல தாயி. பல்லு கிட்டிப் போச்சு. பேசுற நிலையில இல்ல.

— ஒரு வார்த்தைகூடவா?

— ஒண்ணுஞ் சொல்லல. குளிர்ல செத்தான். அவ்வளவுதான்.

— தொரீபியோ, மதுக்கடையில ஹினேஸ் எப்படிச் சாகிறான்?

— அது எதுக்கு சாமி இப்ப?

— கேக்குறேன், சொல்லு.

— அங்க நாப்பது பேரை வெட்டிட்டுச் சாவான். சாகும்போது மென்சியாம்பான், மாதாவேம்பான். கேக்குறவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எனக்கு இன்னொரு கோப்பை ஊத்தச் சொல்லுவான்.

— இங்க ஏன் அதைச் சொல்லலை? இந்தப் பொண்ணு அதைக் கேட்டா சந்தோஷப்பட்டிருப்பாளே. புருஷன் கடைசி வார்த்தை தன் பேருன்னு.

— இங்க இவ நிக்காளே சாமி. இவகிட்ட எப்படிக் கூட்டிச் சொல்ல?

— கொசுவைப் பெருசாக்கின, ஆத்தைப் பெருசாக்கின. சாவை மட்டும் சின்னதாச் சொல்ற.

— அது அம்புட்டுதான் இருந்துச்சு சாமி.

— இருட்டுல பாத்திருப்ப. வேற ஒருத்தனா இருக்கலாம். காய்ச்சல், பசி, கண்ணு மங்கியிருக்கும்.

— நெருப்பு இருந்துச்சு. மூஞ்சியைப் பாத்தேன்.

— மத்தவங்க? உன்னை மாதிரி அந்த ஆளுகளோட உயிரோட யாராவது இருந்திருக்கலாம். நீ வந்தியே. அவங்களுக்கு விறகு பொறுக்கி, கிழங்கு தோண்டி, நடந்து நடந்து மெக்சிகோ பக்கம் நம்ம ஆளுகளைப் பிடிச்சு வந்தியே. அதே மாதிரி ஒருத்தன் இன்னும் நடந்துக்கிட்டிருக்கலாமில்ல? ஒரு மலைக்கு அந்தப் பக்கம். நாளைக்கே வரலாமில்ல?

— எங்க படகுல ஒருத்தனும் இல்ல சாமி. அந்தக் குளிர் முடியும்போது நான் மட்டும்தான் மிச்சம். இருந்திருந்தா நான் தனியா வந்திருக்க மாட்டேன்.

— அந்த லத்தீன்காரன்? அவன் கரைக்கு வந்தானா?

— வரல. படகு கவுந்தப்ப அடியில மாட்டிக்கிட்டான். மறுநாக் காலையில அலை கொண்டாந்து போட்டுச்சு. நானும் அந்தத் தீவுக்காரப் பொம்பளைங்க ரெண்டு பேருமா மணல்ல பள்ளம் பறிச்சோம். எனக்குத் தெரிஞ்ச லத்தீன் ஆமென் ஒண்ணுதான். அதைத்தான் சொன்னேன். அவன் இருந்திருந்தா அதையும் திருத்தியிருப்பான்.

— சாமி, கோவிச்சுக்காதீங்க. முன்னால வந்த ரெண்டு பேரும் குதிரையும் சொல்லலை, கொசுவும் சொல்லலை. அந்தக் கூட்டம் அழிஞ்சுபோச்சுன்னு நேரடியாச் சொன்னாங்க. அவங்களையும் இப்படித்தான் கேட்டீங்க. மாறியிருக்கலாமே, வந்திருக்கலாமேன்னு. செத்தது என் புருஷன். உங்களுக்கு ஏன் சாமி இவ்வளவு கஷ்டமா இருக்கு?

— தொரீபியோ. அவன் பேரு என்ன?

— யாரு, லத்தீன்காரனா? இனிகோ சாமி. பாதிரியாருக்குப் படிச்ச அண்ணன் ஒருத்தர் இருக்கார்னு சொல்லுவான். நல்லா நினைவா இருக்கு. எங்களை வையுறப்போ, 'எங்க அண்ணன் இதைவிட நல்லா வைவார்'ம்பான். சாமி... ஏன் சாமி எந்திரிச்சுட்டீங்க? தண்ணி கொண்டாரச் சொல்லட்டுமா?

— வேண்டாம். உக்காரு. மென்சியா, நீயும் உக்காரும்மா.

— நான் நிக்கிறேங்க சாமி. முடிவைச் சொல்லிருங்க.

— பெரால்தா, பேனாவை எடு. இந்த சாட்சி சொன்னது நடந்ததுன்னு எழுது. அந்தப் படகுல போனவங்கள்ல இவனைத் தவிர எல்லாரும் இறந்துட்டாங்க. லாடக்காரர் ஹினேஸோட மனைவி மென்சியா இன்னையிலிருந்து விதவை, விருப்பம்போல மறுமணம் பண்ணிக்கலாம். எழுதிட்டியா? நாளைக்குக் காலையில ஹினேஸுக்கு ஆத்துமப் பூசை, நானே வைக்கிறேன். பூசையில அவர் பேரோட என் தம்பி இனிகோ பேரையும் சேத்துக்க. எங்கம்மாகிட்ட நான் போய்ச் சொல்லிக்கிறேன்.