அக்காவின் முறை வரவேயில்லை

இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஆண்களில் ஒருவர்கூட அக்காவிடம் "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டதில்லை.

இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்ற முடிவோடு வந்தேன். சொல்லிவிட்டேன். இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நாடகச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, 'தோள்' ஆட்டத்தில் ஆடிய தாத்தாக்களே, அப்பாக்களே, பிள்ளைகளே, முதல் வரிசையில் இருக்கும் அக்காவின் தங்கை அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். என்னைத் தெரியாதவர்கள் இருப்பீர்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவளை யாருக்குத் தெரியும்? அந்த ஆட்டத்துக்கு விளக்குப் போடுகிறவள் நான். சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் நீட்டி முழக்கத் தெம்பில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவை மாபெரும் நடன இயக்குநர் என்றார்கள். கல்லையும் கரைத்தவர் என்றார்கள். ஆண்களுக்கு அழக் கற்றுக்கொடுத்தவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆம்பளை என்றால் என்ன என்று கேட்டு, தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையையும் ஒரே மேடையில் ஏற்றிய ஆட்டம் 'தோள்'. அதில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒருவரை ஒருவர் தூக்குவார்கள். முடியாமல் இறக்குவார்கள். மறுபடி தூக்குவார்கள். அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் நம் அக்கா! தலை முழுக்க நரைத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நம் டிரைவர் மாமாவை ஒருமுறை கேட்டேன்.

"ஏன் மாமா, உங்களைவிட எவ்வளவோ சின்னவங்களைப் போய் அக்காங்கறீங்க?"

"வயசு சின்னதுதாம்மா. ஆனா திட்டு, அக்கா திட்டு."

ஒத்திகை நடந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். டயர்க் கடைக்கு மேல்மாடி. ரப்பர் நாற்றம். கீழே ஒரு லாரி கிளம்பினால் மேலே ஜன்னல் கம்பிகள் நடுங்கும். பழைய மரத்தரை. நீங்கள் வருவதற்கு முன்பே அக்கா வந்து, சுத்தியலோடு அந்தத் தரை முழுக்கத் தவழ்வார். தலை தூக்கியிருக்கும் ஆணிகளை விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்து இறக்குவார். நீங்கள் வெறுங்காலோடு ஆடினீர்கள். யார் காலிலாவது ஒரு ஆணி ஏறியதா? ஏன் ஏறவில்லை என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

பிறகு வட்டம். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். அக்கா தன் இடப்பக்கம் நிற்பவரிடம் ஆரம்பிப்பார். "எங்க வலிக்குது?" முட்டி என்பார் ஒருவர். கழுத்து என்பார் அடுத்தவர். 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் தீர்ந்தது.

"ஒண்ணுமில்லைன்னா வீட்டுக்குப் போப்பா. எனக்கு உடம்பு இருக்கிற ஆளுங்க வேணும். பொம்மையை வச்சு நான் என்ன பண்றது?"

டிரைவர் மாமாவும் அவர் மகன் வெல்டர் அண்ணனும் முதன்முதலில் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வாழ்ந்தவர்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்குக்கூட நடுவில் மருமகள் வேண்டும். மகன் அப்பாவைத் தூக்க வேண்டும் என்றார் அக்கா. மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"இவன் தூக்கறதுக்கு நான் என்ன கேஸ் சிலிண்டரா?"

"சிலிண்டர்னா பிடிக்க வளையமாவது இருக்கும்" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

அக்கா சிரித்துவிட்டார். "பேசிட்டாங்கப்பா ரெண்டு பேரும்! போதும், இன்னைக்கு ஒத்திகை முடிஞ்சது" என்று நிஜமாகவே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் வட்டம் மாமாவிடம் வந்தது. "வலது தோளு. ஸ்டியரிங் பிடிச்ச தோளு" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். அடுத்தவரிடம் போயிருக்க வேண்டியது. ஆனால் மாமா நிறுத்தவில்லை. "இவனை அடிச்சதும் இந்தக் கையாலதான்" என்றார். அடுத்து அண்ணனின் முறை. அண்ணன் அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு, "முதுகு" என்றார். "அப்பவே ஆறிடுச்சு. இருந்தாலும், முதுகு."

அன்றைக்கு அந்த மாடியில் அழாத ஆண் கிடையாது. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதீர்கள். அக்கா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அன்று கிடைத்த அழுகைதான் ஆட்டத்தின் கடைசிக் காட்சி ஆனது. பத்திரிகைகள் பாராட்டிய காட்சி. விருது வாங்கிய காட்சி.

என் விளக்கு மேஜை சற்று உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் வட்டம் முழுசாகத் தெரியும். அக்காவின் இடப்பக்கம் ஆரம்பித்த கேள்வி சுற்றி வந்து, அவருடைய வலப்பக்கம் நிற்பவரிடம் முடியும். அங்கேயே முடியும். எப்போதும் அங்கேயே முடியும். "சரி, ஆரம்பிக்கலாம்" என்று கைதட்டுவார். நீங்கள் கலைந்துவிடுவீர்கள். வட்டத்தில் ஓர் ஆள் பாக்கி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வட்டத்துக்கு வெளியே நின்ற நான் ஒருநாள் ஏணியில் இருந்தபடியே கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு?"

"நான் கடைசியாச் சொல்றேன்டி."

அந்தக் கடைசி எப்போது வந்தது? யாராவது பார்த்தீர்களா?

ஆட்டம் முடிந்ததும் நீங்கள் வாசலில் நிற்பீர்கள். பார்வையாளர்கள் உங்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். 'உங்களைப் பாத்த பிறகு எங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணேன் சார்' என்பார்கள். நீங்களும் அழுவீர்கள். உள்ளே அக்கா குனிந்து ரப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அதன் கனம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் விளக்கைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் மறுமுனையைப் பிடிப்பேன். அப்படி ஒருநாள் கேட்டேன்.

"அண்ணனுங்களைக் கூப்பிடட்டுமாக்கா?"

"அழட்டும் விடு. இப்பதான் பழகறாங்க."

"அழுதுகிட்டே சுருட்டலாமே!"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க என் கையைப் பிடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. சிரிப்பினால் உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் இருக்கும் பெரிய படத்தைப் பாருங்கள். அக்கா சுவரில் சாய்ந்து, ஒரு காலை லேசாக மடக்கி, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். கம்பீரம் என்று எழுதினார்கள். ஒத்திகை முழுக்க அப்படித்தான் நிற்பார். புதிதாக வந்த பையன்கள்கூட அப்படி நின்று பார்த்தார்கள், அது ஸ்டைல் என்று. அது ஸ்டைல் இல்லை. அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. இடுப்பு எலும்பை நோய் அரித்துக்கொண்டிருந்தது. நாம் அதைப் படம் எடுத்துச் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டினோம்!

மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர் கோபப்பட்டார்.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒத்திகை இருந்துச்சு" என்றார் அக்கா, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி.

நண்பர்களே, நான் அந்த ஆட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது பொய்யான ஆட்டம் இல்லை. மேஜையில் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன். கண் அழும், கை சுவிட்சில் இருக்கும். விளக்கு ஒருநாளும் தப்பியதில்லை. உங்களால் அது முடியாதா? உங்கள் வலியைச் சொல்லக் கற்றுக்கொண்டீர்கள். நல்லது. ஒருவர் வலியை ஒருவர் கேட்கவும் கற்றுக்கொண்டீர்கள், அவர் ஆணாக இருந்தால். அக்கா என்ன, கேள்வி கேட்கும் இயந்திரமா? தண்ணீர்க் குடமா? சுத்தியலா?

இந்த இடத்தில் நான் உறுதிமொழி சொல்ல வேண்டும். அக்காவின் பணி தொடரும் என்று சொல்ல வேண்டும். அரங்கத்துக்கு அவர் பெயரை வைக்கப் போவதாகத் தலைவர் அறிவித்தார். கைதட்டினீர்கள். காலையில் டிரைவர் மாமா என்னிடம் வந்தார். "அக்கா எடத்துல நீ வந்து நில்லும்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியும். நீ நின்னா ஆட்டம் நிக்காது" என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்கு அது தெரியும். ஆனால் எனக்கு என்னென்ன தெரியும் மாமா? ஆணி எங்கே இருக்கிறது என்று தெரியும். விரிப்பை எப்படிச் சுருட்டுவது என்று தெரியும். அக்கா எப்படிச் செத்தார் என்றும் தெரியும்.

ஆட்டம் தொடர வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். விளக்குப் போட வருவேன். ஆனால் அந்த வட்டத்தில் இன்னொரு அக்காவாக வந்து நிற்க மாட்டேன். வட்டம் முழுசாகச் சுற்றி வரும் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் வருவேன். தெரியாவிட்டால் இத்தோடு சரி.

எப்போது தெரியும் என்று கேட்கிறீர்களா? இப்போதே தெரியும்.

முதல் வரிசையில் அக்காவின் தங்கை இருக்கிறார். தையல் தைத்துப் பிழைப்பவர். கடைசி மாதங்களில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்ததும், தூக்கிப் படுக்கவைத்ததும் அவர்தான். மேடையில் தூக்கிப் பழகிய நீங்கள் அல்ல. காலையிலிருந்து நீங்கள் ஒவ்வொருவராக வந்து அவர் மேல் சாய்ந்து அழுதீர்கள். நான் அந்த மூலையில் ஒயரை ஒட்டிக்கொண்டே பார்த்தேன். "பரவால்ல தம்பி, அழாதீங்க. தண்ணி குடிங்க" என்று அவர்தான் உங்களைத் தேற்றினார். தண்ணீர்ப் பாட்டிலை அவர்தான் நீட்டினார். இதோ, இன்னும் அந்தப் பாட்டில் அவர் மடியில்தான் இருக்கிறது. அவர் சேலையின் தோள்பக்கம் உங்கள் கண்ணீரால் நனைந்திருக்கிறது.

இவ்வளவு பேர் அழுதீர்களே, அவரிடம் ஒருவராவது அதைக் கேட்டீர்களா?

கேள்வி உங்களுக்கு மனப்பாடம். சொல்லிக்கொடுத்தவர் படத்தில் நிற்கிறார். உங்களில் ஒருவர் எழுந்து முதல் வரிசைக்கு வாருங்கள். தாத்தாவோ, அப்பாவோ, மகனோ, யாராக இருந்தாலும் சரி. அந்த அம்மாவிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். மைக்கை அணைக்க வேண்டாம் தம்பி, நான் இன்னும் முடிக்கவில்லை.

டிரைவர் மாமா, தலை குனியாதீர்கள். வெல்டர் அண்ணா, வாசல் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம்.

யாராவது எழுந்திருங்கள்.